குளிரைத் தாங்கும் மக்னோலியா

செண்பகத்தின் உறவான மக்னோலியா கிராண்டிபுளோரா, அமெரிக்காவின் தென்கிழக்குச் சீமைக்குரிய பசுமை மாறா விருட்சம். அதனினும் குளிர்ந்த வடபகுதிகளில் வீட்டுத் தோட்டம் வைப்போரும் ‘லிட்டில் ஜெம்’ என்னும் குட்டை ரகத்தை நாடுகின்றனர். இளமையிலேயே பூப்பதும் சிறிய இடத்தில் அடங்குவதும் அதன் கவர்ச்சி. ஆனால் கடுங்குளிரில் எளிதில் கருகுவது அதுவே. பூவுக்கு அவசரப்பட்டு மரத்தையே இழப்பது விவேகமன்று. நியூஜெர்ஸிக் குளிரில் நிலைத்துத் தெரிவான ‘எடித் போக்’ பூக்கச் சில வருஷம் காக்கவைக்கும். எனினும் பனிப்பாரத்தில் கிளை முறிவது குறைவு. தென் கரோலினாவின் ‘பிராக்கன்ஸ் பிரௌன் பியூட்டி’யும் குளிர் தாங்கும், இலையின் அடிப்புறம் செம்பழுப்பாக அழகு தரும். 30 அடிக்கு மேல் வளருமாதலால் சுவரோரம் ஆகாது. எந்த ரகத்தையும் வசந்தத்தில், குளிர்காற்றுப் படாத இடத்தில் நடுதல் உத்தமம். மண் உறைந்து வேருக்கு நீர் கிட்டாதபோதும் இலை நீரை இழந்துகொண்டேயிருக்கும்.