வில்லுக்கேற்ற அம்பு

அம்பு நேராகப் பாய்கிறது என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது வில்லின் பிடியைச் சுற்றி மீனைப் போல் நெளிந்தே செல்கிறது. வலக்கையால் நாணிழுப்பவனுக்கு, அம்பு மிக விறைத்தால் இடப்புறமும், மிகத் துவண்டால் வலப்புறமும் விலகும். வில்லின் வலுவுக்கேற்ப வளையும் அம்பே குறியை எட்டும்.

1930-களில் ஹிக்மேன் என்னும் அமெரிக்க அறிஞர் அதிவேகப் படமெடுத்து இந்நெளிவைக் காட்டினார். 1802-இல் பனமரம் கோட்டையைக் கைப்பற்றிய வயநாட்டுக் குறிச்சியர் இதைக் கைப்பழக்கத்திலேயே கண்டவர்கள் அன்றோ?

பழவேற்காட்டு ஏரியில் படகுந்தும் என் தந்தையாரும் மூங்கிற்கோலை வளைத்துப் பார்த்தே தேர்ந்தெடுப்பார். அத்தகைய வளைவைக் கொண்டுதான் நாம் ஆய்வுக்கூடத்தில் ‘யங் குணகத்தை’ அளக்கிறோம். முதல் தலைமுறைப் பட்டதாரிகளாகும் நாம் இவ்வறிவை எழுதிவைக்காவிடில் வேறு யார் எழுதுவார்? நம் செய்முறை ஏட்டில் இதற்கும் ஒரு பக்கம் தர, பேராசிரியப் பெருமக்கள் முன்வர வேண்டும்.