சிறு பட்டறையும் பெரும் படையும்

மக்களிடம் அறவிடும் வரிப்பணத்தைக் கொண்டு ஓர் அரசாங்கம் எவரிடம் பொருள் வாங்குகிறது என்பதைப் பார்த்தால், அந்த அரசாங்கத்தின் வாசல் எவருக்குத் திறந்திருக்கிறது என்பது விளங்கிவிடும். உலகில் இராணுவத்திற்காக மிக அதிகமாகச் செலவிடும் நாடு ஐக்கிய அமெரிக்கா. அந்நாட்டின் சிறு தொழிலாளர்கள் தம் படைக்குப் பொருள் வழங்கும் உரிமையைப் பெற்ற கதையும், அவ்வுரிமை அவர்கள் கையிலிருந்து மெல்ல நழுவிவரும் கதையும் நாம் கவனிக்க வேண்டியவை.

இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போதே இப்பிரச்சினை தலைதூக்கியது. 1940ஆம் ஆண்டு நடுப்பகுதி முதல் 1944 வரை வழங்கப்பட்ட யுத்த ஒப்பந்தங்களின் பெறுமதியில் மூன்றில் இரண்டு பங்கு நூறு கம்பெனிகளுக்கே போய்ச் சேர்ந்தது. ஊர்தோறும் இருந்த சிறு பட்டறைகளின் இயந்திரங்கள் வேலையின்றிக் கிடந்தன. அவற்றுக்குக் கடனும் ஒப்பந்தமும் பெற்றுக் கொடுப்பதற்கென 1942இல் ஒரு தனிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. யுத்தம் முடிந்ததும் அதன் ஆயுளும் முடிந்தது. பின்னர் 1953ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி சனாதிபதி ஐசன்ஹோவர் சிறு தொழிற் சட்டத்தில் ஒப்பமிட்டார். அரசாங்கக் கொள்வனவில் நியாயமான ஒரு பங்கு சிறு தொழில்களுக்குச் சேரவேண்டும் என்பது அன்று சட்டமாயிற்று. நியாயமான பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு, 1997இல் இயற்றப்பட்ட சட்டம் நூற்றுக்கு 23 என்று விடை கூறியது.

சட்டம் இருந்தால் மட்டும் போதுமா? கேள்விப்பத்திரத்தைக் கண்டுபிடித்து, வாசித்து விளங்கி, விலை குறித்து அனுப்புவதே ஒரு தனி வித்தையாகிவிட்டது. பெருங் கம்பெனியிடம் அதற்கென்றே சட்டத்தரணிகளும் கணக்காளர்களும் இருக்கிறார்கள். பகல் முழுவதும் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்பவன் இரவில்தான் பேனாவைத் தொடுகிறான். இதை உணர்ந்தே காங்கிரஸ் 1985இல் கொள்வனவு உதவித் திட்டமொன்றை ஏற்படுத்தியது. மத்திய அரசாங்கத்தின் பணத்துடன் மாநிலங்கள், பல்கலைக்கழகங்கள், உள்ளூர் நிறுவனங்கள் ஆகியவற்றின் பங்கும் சேர்ந்து அந்த நிலையங்கள் இயங்கி வருகின்றன. 2023 முதல் அவை ‘அபெக்ஸ்’ நிலையங்கள் என்ற புதுப்பெயரைத் தாங்கியுள்ளன. அரசாங்கப் பட்டியலில் பதிவு செய்வது, தகுந்த ஒப்பந்தத்தைத் தேடுவது, விலைமனு எழுதுவது ஆகிய காரியங்களில் பெரும்பாலும் கட்டணமின்றியே அவை துணை நிற்கின்றன. அரசாங்கப் பட்டியலில் பதிவு செய்வதற்கும் கட்டணம் கிடையாது. ஆயினும் அப்பதிவைச் செய்து தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் தரகர்களும் இருக்கிறார்கள். இலவசமாகக் கிடைப்பது இன்னதென்று தெரியாதவனே இவர்களுடைய முதல்.

நல்ல சட்டமும் நல்ல நிலையங்களும் இருந்தும் பலன் என்ன? 2011க்கும் 2020க்கும் இடையில், பாதுகாப்பு இலாகாவின் ஒப்பந்தம் பெற்ற சிறு தொழில் நிறுவனங்களின் தொகை நூற்றுக்கு 43 வீதம் குறைந்துவிட்டது. அதே காலத்தில் சிறு தொழில்களுக்கென ஒதுக்கப்பட்ட பணமோ நூற்றுக்கு 15 வீதம் கூடியது. அந்நாட்டின் அரசாங்கக் கணக்காய்வு நிறுவனமே 2021இல் வெளியிட்ட உண்மை இது. பணம் கூடியது, அதைப் பெறும் கைகள் குறைந்தன. 2023 நிதியாண்டில் மத்திய அரசாங்கம் முழுவதிலும் சிறு தொழில்களின் பங்கு நூற்றுக்கு 28 வீதத்தையும் தாண்டிவிட்டது என்று பெருமையுடன் அறிவிக்கப்பட்டது. டொலரை எண்ணியவர்கள் பட்டறைகளை எண்ண மறந்தார்கள் என்பதே நமது குற்றச்சாட்டு.

இந்நிலைக்குக் காரணம் இல்லாமலில்லை. பல சிறு ஒப்பந்தங்களை ஒரே பெரிய ஒப்பந்தமாகக் கட்டிவிடுவது உத்தியோகத்தருக்கு எளிது. ஆனால் பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையால் அந்தச் சுமையைத் தூக்க முடியாது. ‘சிறு தொழில்’ என்ற சொல்லும் அங்கே மிக விரிந்தது. சில துறைகளில் 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையும் சட்டப்படி சிறியதே. இவை போதாவென்று, இணைய வழித் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பர் 10 முதல் படிப்படியாக ஒப்பந்தங்களில் புகுத்தப்படுகின்றன. இரகசியமல்லாவிடினும் காக்கப்பட வேண்டிய தகவல்களைக் கையாளும் நிறுவனம் 110 நிபந்தனைகளை நிறைவேற்றியாக வேண்டும். ஆயிரம் பேர் கொண்ட கம்பெனிக்கும் பத்துப் பேர் கொண்ட பட்டறைக்கும் நிபந்தனை ஒன்றே.

போர்வீரனின் உயிர் ஒரு சிறு திருகாணியில் தங்கியிருக்கும்போது தரத்தைத் தளர்த்தலாமா என்று கேட்பார்கள். தளர்த்தக் கூடாது என்றே நாமும் சொல்கிறோம். பகைவன் திருடக்கூடிய வரைபடத்தைப் பாதுகாக்க வேண்டியதும் அவசியமே. ஆனால் நாட்டின் பாதுகாப்புக்காக விதிக்கப்படும் நிபந்தனையின் செலவில் ஒரு பகுதியை நாடு ஏற்பதே நீதி. அதை முழுவதும் எளியவன் தலையில் சுமத்திவிட்டு, அவன் விலகியதும் ‘போட்டியிட ஆளில்லை’ என்று கைவிரிப்பது நீதியாகாது.

போட்டி அற்றுப்போவதன் விளைவை அமெரிக்கா அறியாததன்று. 1990களில் 51ஆக இருந்த பிரதான விமான, ஆயுத ஒப்பந்தக் கம்பெனிகள் இன்று ஐந்தாகச் சுருங்கிவிட்டன என்று 2022 பெப்ரவரியில் பாதுகாப்பு இலாகாவே அறிக்கை வெளியிட்டது. விற்பவர் ஐவரேயானால் விலையைக் கூறுவதும் அவர்களே. தவணையைக் கூறுவதும் அவர்களே. சிறு தொழிற் சட்டத்தில் ஒப்பமிட்ட அதே ஐசன்ஹோவர், 1961 ஜனவரியில் பதவி விட்டு நீங்கும்போது, இராணுவமும் ஆயுதக் கைத்தொழிலும் கைகோத்துப் பெறும் செல்வாக்கைப் பற்றித் தம் மக்களை எச்சரித்தார். படைத்தலைவராக இருந்தவரின் வாயிலிருந்து வந்த எச்சரிக்கை அது.

செய்ய வேண்டியது என்ன? ஒன்றாகக் கட்டிய ஒப்பந்தங்களைப் பிரிக்கக் கூடிய இடத்தில் பிரிக்க வேண்டும். உதவி நிலையங்களுக்குப் பணமும் ஆளும் குறையாமல் இருக்க வேண்டும். பெருங் கம்பெனியின் கீழ் உபஒப்பந்தம் செய்பவனுக்குக் கூலி காலத்தில் கிடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில் எத்தனை டொலர் என்பதோடு, எத்தனை நிறுவனங்கள், அவற்றுள் புதியவை எத்தனை, விலகியவை எத்தனை என்பதும் முதற்பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.

நோயாளிக்கு ஊன்றுகோல் கொடுப்பது நல்லதுதான். பாதையில் கிடக்கும் கல்லை அகற்றுவது அதனினும் நல்லது. எளியவனுக்கு வாசலைத் திறந்துவிட்டோம் என்று சட்டப் புத்தகத்தில் எழுதியவர்கள், அவ்வாசலால் இன்று நுழைபவர் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். இந்தக் கேள்வி அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. கேள்விப்பத்திரம் கோரும் ஒவ்வோர் அரசாங்கமும் தன் மக்களுக்கு இதற்கு விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறது.