நாற்பத்து மூன்று வயதுப் புதுமுகம்

ஐபிஎல் ஆட்சிக் குழுத் தலைவர் அவர்களுக்கு,

செகந்திராபாத்தில் பையன்களுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுப்பவன் எழுதுகிறேன். கேட்க வேண்டிய இடங்களில் கேட்டுப் பார்த்தாயிற்று. ஒரு வரி பதிலும் இல்லை. அதனால்தான் ஊரறிய இந்த மடல். ஐந்து வருடம் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரர் 'அன்கேப்டு', அதாவது நாட்டுக்கே ஆடாதவர், என்ற கணக்கில் சேர்வார் என்ற விதி உங்களுக்குத் தெரியும், வகுத்தவர்களே நீங்கள். 2024 அக்டோபரை மட்டும் நினைவூட்டுகிறேன்.

அந்த மாதம் 6ஆம் தேதி, குவாலியரில் நிதிஷ் குமார் ரெட்டி முதன்முதலாக இந்தியாவுக்கு ஆடினார். வயது 21. அந்தத் தொடரின் மூன்றாவது டி20 எங்கள் உப்பல் மைதானத்தில், 12ஆம் தேதி. அன்றைக்கு அவருடைய சர்வதேச அனுபவம் அதோடு சரி. 31ஆம் தேதி ஐபிஎல் அணிகளின் தக்கவைப்புப் பட்டியல் வந்தபோது அவர் அன்கேப்டு அல்ல; நாட்டுக்கு ஆடியவர் என்ற கணக்கில் எங்கள் சன்ரைசர்ஸ் அணி 6 கோடிக்கு வைத்துக்கொண்டது. நியாயம்தான், குறை சொல்லவில்லை.

அதே நாள் வந்த சென்னைப் பட்டியலில் மகேந்திர சிங் தோனி. 90 டெஸ்ட், 350 ஒருநாள், 98 டி20. 2007லும் 2011லும் உலகக் கோப்பையைத் தூக்கிய தலைவர். வயது 43. அவர் அன்கேப்டு, 4 கோடி! 2022இல் இதே அணி அவரை வைத்துக்கொண்டது 12 கோடிக்கு.

மூன்று ஆட்டம் ஆடிய பையன் அனுபவசாலி, 538 ஆட்டம் ஆடியவர் புதுமுகம். இந்தப் பட்டியலைப் பார்த்து உங்களில் ஒருவருக்கும் உறுத்தவில்லையா?

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்திலும், யார் புதுமுகம் என்ற இந்தச் சண்டை உண்டு. பிளேக் கிரிஃபின் 2009இல் தேர்வாகி, காயத்தால் ஒரு பருவம் முழுக்க ஆடாமல், 2011இல் சிறந்த புதுமுகம் விருதைப் பெற்றார். 2018இல் பென் சிம்மன்ஸுக்கும் அப்படியே. முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் இருவருமே அதுவரை என்பிஏ லீக் ஆட்டம் ஒன்றில்கூட இறங்காதவர்கள். ஆடி முடித்தவர் ஐந்து வருடம் வீட்டிலிருந்தால் புதுமுகமாகிவிடுவார் என்று அங்கே யாரும் எழுதிவைக்கவில்லை. 2021இல் தூக்கியெறிந்த விதியைத் தேடியெடுத்து 2024 செப்டம்பரில் நீங்கள்தான் எழுதிவைத்தீர்கள். எங்கள் அணியின் உரிமையாளர் தரப்பிலிருந்து காவ்யா மாறன், அணி உரிமையாளர்களின் ஜூலைக் கூட்டத்திலேயே எதிர்த்ததாகப் பத்திரிகைகள் எழுதின. கேட்டீர்களா?

தோனி மீது எனக்கு மனத்தாங்கல் கிடையாது. அவருக்கு இழைத்த அவமரியாதையாகவே இதைப் பார்க்கிறேன். 2025 ஏப்ரலில் சென்னையின் அணித்தலைவர் ருதுராஜ் காயப்பட்டதும் அந்த 'அன்கேப்டு' வீரரைத்தானே அணித்தலைவர் ஆக்கினார்கள்?

அந்த 2024 பட்டியலில் ஓர் அணி தக்கவைக்கக்கூடிய அன்கேப்டு வீரர்கள் இரண்டே பேர். அதில் சென்னையின் ஓர் இடம் இப்படிப் போயிற்று. முந்தைய ஏலத்தில் 8.40 கோடிக்கு எடுத்த 20 வயது சமீர் ரிஸ்வியைச் சென்னை விடுவித்தது. ஜெட்டாவில் நடந்த அடுத்த ஏலத்தில் அவர் போனது 95 லட்சத்துக்கு. இந்த விதியால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அவரைப் போன்ற பிள்ளைகளுக்காக ஒதுக்கிய வரிசையில் முதல் ஆளாக தோனியை நிறுத்தியது நீங்கள்.

என்னிடம் பயிற்சிக்கு வரும் பையன்கள் வெயிலில் கருகுகிறார்கள். ரஞ்சி அணியில் 15ஆவது ஆளாகவாவது பெயர் வராதா என்று அவர்களின் அப்பா அம்மா கடன் வாங்குகிறார்கள். அவர்களுக்குத் திறந்திருப்பது அன்கேப்டு இடம் என்ற அந்த ஒரு கதவுதான். தோனிக்கு 20 கோடி வேண்டுமானாலும் கொடுக்கட்டும், அவருக்கு அது தகும். அடுத்த மெகா ஏலத்துக்கு முன்பாவது, நாட்டுக்கு ஆடியவர்களை அந்த வாசலிலிருந்து விலக்குங்கள்.

இப்படிக்கு,
செகந்திராபாத்திலிருந்து ஒரு பயிற்சியாளர்