வனத்துறைக்குச் சொன்னது போதாதா?

2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய காப்பீட்டுச் சட்டத் திருத்தம் பற்றி நம் துறையில் பேசாதவர்கள் இல்லை. அந்நிய நேரடி முதலீட்டு வரம்பு 74 சதவீதத்திலிருந்து 100 ஆகிவிட்டது. எதிர்பார்த்த கூட்டு உரிமம் வரவில்லை. பேச வேண்டியவைதான். ஆனால் மலையடிவாரத்தில் வேலை செய்யும் முகவருக்கும் சர்வேயருக்கும் கூட்டுறவுச் சங்கச் செயலாளருக்கும் அதைவிட நெருக்கமான ஓர் அறிவிப்பு, அதற்கு ஒரு மாதம் முன்பு, நவம்பர் 18 அன்று மத்திய வேளாண் அமைச்சகத்திலிருந்து வந்தது. வனவிலங்குகளால் ஏற்படும் பயிர்ச் சேதம், பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தனி வயல் இழப்பாக 2026 காரிப் பருவம் முதல் சேர்கிறது. 2018-இல் நீக்கப்பட்ட நெல்வயல் வெள்ள மூழ்கலும் அதோடு திரும்பி வந்திருக்கிறது.

தென்காசி மாவட்டத்து ராயகிரி போன்ற ஊரில் வைத்துப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும். மேற்கே மலை. சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று அடிவாரம் நெடுக நெல், மக்காச்சோளம், கரும்பு, வாழை, தென்னை, எலுமிச்சை. பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு பொதுவாக அறிவிக்கை செய்யப்பட்ட அலகின் சராசரி மகசூலை வைத்தே கணக்கிடப்படுகிறது. அறுவடைப் பரிசோதனையில் ஊரின் சராசரி நன்றாக வந்துவிட்டால், காட்டோரத்து ஒன்றரை ஏக்கரை ஒரே இரவில் பன்றிக்குப் பறிகொடுத்தவருக்கு ஒரு பைசா வராது. அவரும் எல்லோரையும் போலப் பிரீமியம் கட்டியவர்தான். காரிப் உணவுப் பயிருக்கு 2 சதவீதம், பணப்பயிருக்கும் தோட்டப்பயிருக்கும் 5 சதவீதம். தனி வயலைப் பார்த்து மதிப்பிடுவது என்று வந்தால்தான் அவர் கணக்கில் ஏறுகிறார்.

எந்தெந்த விலங்குகள், எந்தெந்த மாவட்டங்கள் அல்லது அலகுகள் என்பதைப் பழைய சேதப் பதிவுகளைக் கொண்டு மாநில அரசு அறிவிக்க வேண்டும் என்கிறது புதிய நடைமுறை. நம் வேலை இங்கே தொடங்குகிறது. யானையும் காட்டுப்பன்றியும் பட்டியலில் தாமாகவே இடம்பிடித்துவிடும். மயிலின் பெயரைச் சொல்வதற்குத்தான் ஆள் வேண்டும். விதைத்த மறுநாளே வயலில் இறங்கிவிடும் மயில் பறவைதானே என்று யாராவது ஒதுக்கினால், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'விலங்கு' என்ற சொல் பறவையையும் உள்ளடக்கியது என்பதைக் காட்ட வேண்டும். அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால்தான் விவசாயி அதன்மேல் கைவைக்க முடியாமல் நிற்கிறார். இன்னொன்று, தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதற்கு முந்தைய சேதப் பதிவுகள் திருநெல்வேலியின் பெயரில் கிடக்கும். பழைய பதிவே அளவுகோல் என்றால், அவற்றைத் தென்காசிக் கணக்கில் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பெரிய சிக்கல் 72 மணி நேரக் கெடுவில் இருக்கிறது. சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள், இடக்குறியீடு பதிந்த படங்களோடு பயிர்க் காப்பீட்டுச் செயலியில் ஏற்ற வேண்டும். பன்றி இறங்கிய மக்காச்சோள வயலைக் காலையில் பார்த்த சர்வேயருக்குத் தெரியும்: தட்டை அடியோடு சாய்ந்திருக்கும், கதிர் பாதி கடித்துத் துப்பப்பட்டிருக்கும், ஈர மண்ணில் இரட்டைக் குளம்புத் தடம் தெளிவாக இருக்கும். அன்று மாலை மிச்சப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சினால் தடம் போய்விடும். பாய்ச்சாவிட்டால் மிச்சமும் போய்விடும். வயலில் சிக்னல் கிடைக்காது. செயலியைத் திறக்கத் தெரிந்த மகன் திருப்பூரில் வேலையில் இருப்பான். இந்த நிலையில் மூன்று நாள் என்பது போதுமான அவகாசம் என்று நான் நினைக்கவில்லை.

மற்றக் கிளைகளில் சட்டம் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 சுற்றறிக்கைகள் கடிகாரத்தை நிறுவனங்களின் பக்கம் திருப்பி வைத்தன. பணமில்லாச் சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்தில் அனுமதி, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்ப மூன்று மணி நேரத்தில் ஒப்புதல். பொதுக் காப்பீட்டில் ஆவணம் போதவில்லை என்று கிளெய்மை மறுக்கக் கூடாது. தாமதமாகச் சொன்னார் என்பதை மட்டும் காரணம் காட்டி நேர்மையான கிளெய்மை இயந்திரத்தனமாக மறுக்காதீர்கள் என்று 2011 செப்டம்பரிலேயே ஆணையம் எழுதிவிட்டது.

உச்ச நீதிமன்றத்தின் குர்ஷிந்தர் சிங் வழக்கு நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். களவுபோனது டிராக்டர். காவல் நிலையத்தில் உடனே புகார் பதிவாகிவிட்டது. நிறுவனத்துக்குச் சொன்னது ஐம்பது நாளுக்கும் பிறகு. போலீசுக்கு உடனே சொல்லிவிட்டார் என்றால், நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதற்காக மட்டும் இழப்பீட்டை மறுக்க முடியாது என்று மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 ஜனவரி 24 அன்று தீர்ப்பளித்தது. திருட்டு நடந்ததா என்று விசாரிக்கும் அதிகாரம் பெற்ற அரசு அமைப்புக்குத் தகவல் போய்ச் சேர்ந்துவிட்டதே என்பதுதான் அதன் அடிப்படை.

காட்டுவிலங்குச் சேதத்தில் அந்த அமைப்பு வனத்துறை. விவசாயியின் கால் முதலில் போவதும் அங்கேதான். வனத்துறை நிவாரணத்துக்கு மனு கொடுப்பது இந்த வட்டாரத்தில் பழகிய வழி. ஆகவே வனச்சரக அலுவலகத்தில் 72 மணி நேரத்துக்குள் கொடுத்த மனுவையே காப்பீட்டு அறிவிப்பாக ஏற்க வேண்டும். படத்தைச் செயலியில் ஏற்றும் பொறுப்பு அதன்பின் நிறுவனத்தின் ஆளுக்கும் வேளாண் துறைக்கும் போக வேண்டும். மாநில அறிவிக்கையில் இதை ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்பதே இந்த இதழின் நிலைப்பாடு. பொய்க் கிளெய்ம் பெருகும் என்று நிறுவனங்கள் அஞ்சலாம். வனக்காப்பாளர் நேரில் பார்த்து எழுதும் குறிப்பைவிட, மங்கலான நான்கு கைபேசிப் படங்கள் எந்த விதத்தில் உறுதியான சான்று என்று அவர்கள் சொல்லட்டும்.

தென்னையும் எலுமிச்சையும் இந்த ஏற்பாட்டில் முறையாகச் சேரவில்லை. திட்டத்தின் அடித்தளம் ஆண்டுப் பயிர்கள்தான். யானை சாய்த்த தென்னைக்கு வழி தேடுவது தனி வேலை, இன்னொரு இதழில் விரிவாகப் பார்ப்போம். காப்பீட்டு நிறுவனங்களுக்கான கிராமப்புறக் கடமை விதிகளையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 2024 முதல் அவை கிராம ஊராட்சியை அலகாகக் கொள்கின்றன. ராயகிரியும் சிவகிரியும் வாசுதேவநல்லூரும் பேரூராட்சிகள். வயலும் வரப்புமாக இருந்தாலும் அந்தக் கணக்கில் இவை வராததால், நிறுவனங்களை இங்கே வரவழைக்கும் கட்டாயம் குறைவு. வருகிற ஒன்றிரண்டு முகவர்கள்தான் விவசாயிக்குத் துணை.

அறிவிக்கை எப்படி வந்தாலும், கார் பருவப் பயிருக்குப் பதிவு செய்யும்போதே விவசாயியிடம் இதைச் சொல்லி வையுங்கள்: சேதம் தெரிந்த காலையில், தண்ணீர் பாய்ச்சும் முன் படம், 14447-க்கு அழைத்துப் புகார் எண், வனச்சரகத்தில் மனு கொடுத்துத் தேதியோடு முத்திரையிட்ட நகல். தாமதத்தைக் காரணம் காட்டி மறுப்பு வந்தால், அந்த நகலோடு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குறைதீர் குழுவுக்குப் போங்கள். குர்ஷிந்தர் சிங் தீர்ப்பின் படி ஒன்றையும் மனுவுடன் இணைத்துவிடுங்கள்.