உசாகியா, செரீனாவா?

மைசூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பதிமூன்று வயது மகளுக்கு 'செய்லர் மூன்' பித்து. இன்டர்நெட்டில் தேடினால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்களாம். ஒரு சைட்டில் கதாநாயகி உசாகி, இன்னொன்றில் செரீனா. ஒன்றில் தோழிகள் சாகிறார்கள், மற்றதில் எதிரியிடம் கைதியாகிறார்கள். எதை நம்புவது?

பெயரே நல்ல துப்பு. நவோகோ தகேயுச்சியின் சித்திரக் கதையைத் தழுவி 1992 முதல் 1997 வரை ஜப்பானில் 200 அத்தியாயங்கள் ஒளிபரப்பான தொடரில் அவள் உசாகி. 1995-இல் வட அமெரிக்காவுக்கு வந்த ஆங்கில டப்பிங்கில்தான் செரீனா ஆனாள். கத்தரியும் தாராளமாக விளையாடியது. முதல் 89 அத்தியாயங்கள் 82 ஆகச் சுருங்கின. சாவு கைதாக மாறியது. பின்னால் வந்த டப்பிங்கில், காதலர்களான ஹருகாவும் மிச்சிருவும் ஒன்றுவிட்ட சகோதரிகளாகிவிட்டார்கள். (இதைவிடக் காதலையே விட்டுவைத்திருக்கலாம்.) 'செரீனா' என்று எழுதும் சைட் பெரும்பாலும் இந்த வெட்டுப்பட்ட கதையைத்தான் சொல்லும். வெட்டில்லாத புது ஆங்கில டப்பிங் 2014-இல்தான் வரத் தொடங்கியது. அதுவரை எதை வெட்டினார்கள், எதை மாற்றினார்கள் என்று ஊர் உலகுக்குச் சொன்னவர்கள் ரசிகர்கள்தான், சம்பளமில்லாமல்.

அவர்கள் வெறுமனே எழுதிக்கொண்டிருக்கவும் இல்லை. 1996-இல் அமெரிக்காவில் தொடர் நின்றுபோனபோது 'சேவ் அவர் செய்லர்ஸ்' என்று இன்டர்நெட்டில் கையெழுத்து திரட்டினார்கள். விளம்பரதாரரின் கவனத்தை இழுக்க, சொல்லிவைத்துக்கொண்டு 'பாப்-டார்ட்ஸ்' தின்பண்டத்தை வாங்கினார்கள். வேண்டாம் என்று பகிஷ்கரிப்பதைத்தான் நாம் அறிவோம், இது நேர்மாறு. 1998-இல் தொடர் கார்ட்டூன் நெட்வொர்க்கில் இடம்பிடித்தது.

மகளுக்கு முதலில் 'விக்கிமூன்' போதும். சித்திரக் கதை, டி.வி. தொடர், மேடை நாடகம், 2003-இல் நடிகர்களை வைத்து எடுத்த தொடர் என நான்கையும் குழப்பாமல் பிரித்து வைத்திருக்கிறார்கள். பொழிப்புரை நடை, அழகை எதிர்பார்க்க வேண்டாம். ருசித்துப் படிக்க 'டக்சீடோ அன்மாஸ்க்ட்'. கேள்வி-பதில் பாணியில் கதையின் ஜப்பானியப் பின்னணியைத் துருவுகிறது. உசாகியின் பேட்டையான அஸாபு ஜூபான் டோக்கியோவில் நிஜமாகவே இருக்கும் இடம் என்பது போன்ற சமாசாரங்களில் ஆர்வமுள்ளவர்களுக்கு நல்ல தீனி. இரண்டும் ஆங்கிலத்தில்தான்.

ஆனால் 90-களில் பள்ளி, கல்லூரி மாணவிகள் நட்சத்திரங்கள் மின்னும் கறுப்புப் பின்னணியில் கட்டிய பக்கங்களின் ருசி இவற்றில் கிடைக்காது. அவற்றில் ஏராளமானவை ஜியோசிட்டிஸில் குடியிருந்தன. யாஹூ 2009-இல் அந்த வீட்டையே இடித்துவிட்டது. ஜப்பானியக் கிளை 2019-இல் மூடியது. இன்டர்நெட் ஆர்கைவின் 'வேபேக் மெஷின்' அவற்றில் பலவற்றைப் படியெடுத்து வைத்திருக்கிறது. படியின் அருமையை மைசூர்வாசிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைத் தொல்லியல் துறை பல்லாண்டு காத்தது அவர்கள் ஊரில்தானே.

வேபேக்கில் பழைய சைட்டின் முழு முகவரியைக் கொடுப்பது நல்லது. முகவரி தெரியாவிட்டால், இன்றுள்ள ரசிகர் சைட்டுகளில் 'இணைப்புகள்' என்ற பகுதியைப் பாருங்கள். செத்துப்போன முகவரிகள் அங்கேதான் சிக்கும். ஆண்டு வாரியாகப் படிகள் இருந்தால் 2009-க்கு முந்தையதைத் திறக்க வேண்டும். படங்கள் பல இடங்களில் வெறும் கட்டங்களாக நிற்கும். எழுத்து பெரும்பாலும் தப்பியிருக்கும்.