பொருத்தியவருக்கு அபராதம்; விற்றவருக்கு?

ஆரணிக்கு மேற்கே ஜவ்வாது மலை. சுற்றிலும் நெல் வயல்களும் அரிசி ஆலைகளும். சரக்கை ஏற்றிக்கொண்டு மண் பாதையிலும் மலைப் பாதையிலும் செல்லும் பிக்கப் வாகனத்தை அந்தப் பாதைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள உரிமையாளர் விரும்புவது இயல்பு. இன்று இரும்பு முன் தடுப்பு, உயரத்தைக் கூட்டும் சஸ்பென்ஷன், பெரிய டயர், எல்இடி விளக்கு என எல்லாமே இணையத்தில் கிடைக்கின்றன. காணொலியைப் பார்த்து வீட்டு வாசலிலேயே பொருத்தியும் விடுகிறார்கள்.

இதன் ஆபத்து வெளிப்படையாகத் தெரிவதில்லை. மோதலின்போது தானே நசுங்கி, அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் வகையில் வாகனத்தின் முன்பகுதி வடிவமைக்கப்படுகிறது. இரும்புத் தடுப்பு அந்த அதிர்ச்சியை நேரே சட்டகத்துக்குக் கடத்துகிறது; ஏர்பேக் உரிய நேரத்தில் விரிவதையும் பாதிக்கக்கூடும். எதிரே வரும் பாதசாரிக்கோ அது இன்னும் கொடியது. உயரம் கூடினால் புவியீர்ப்பு மையமும் உயர்ந்து, வளைவுகளில் கவிழும் வாய்ப்பு அதிகரிக்கிறது. டயரின் விட்டம் கூடினால், வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும்.

சட்டம் மௌனமாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் நிர்ணயித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றத் தடை விதிக்கிறது. முன் தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இத்தடையை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று உரிமையாளருக்குத் தண்டனை வகுத்தது.

இடைவெளி இங்குதான் இருக்கிறது. பாதுகாப்புக்கு இன்றியமையாதவை என அறிவிக்கப்பட்ட பாகங்களைத் தரமின்றி விற்றால் மட்டுமே அத்திருத்தம் விற்பனையாளரைத் தண்டிக்கிறது. மற்றபடி, சாலையில் பயன்படுத்த முடியாத பொருளைத் தடையின்றி விற்கலாம். வாங்கிப் பொருத்தியவர்தான் சோதனைச் சாவடியில் பதில் சொல்ல வேண்டும். எந்த மாற்றம் வாகனத்தின் 'அடிப்படைத் தன்மையை' மாற்றுகிறது என்பதைச் சாமானியர் எப்படி அறிவார்?

ஆஸ்திரேலியாவில் இதற்கென தேசிய நடைமுறை நெறி உண்டு. சிறிய மாற்றங்களுக்கு அளவு வரையறை இருக்கிறது; அதை மீறும் பெரிய மாற்றங்களுக்கு அங்கீகரிக்கப்பட்டவரின் சான்று தேவை. முழுத் தடையும் இல்லை, முழுச் சுதந்திரமும் இல்லை. நமக்கும் அத்தகைய வழி வேண்டும்: அனுமதிக்கப்பட்ட பாகங்களின் பட்டியலைத் தமிழில் வெளியிடுவது, அவற்றுக்கு முத்திரை இடுவது, முத்திரையற்றவற்றின் விற்பனையைத் தடுப்பது, தேவையான மாற்றங்களை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எளிதாகப் பதிவு செய்ய வழிவகுப்பது.

இதற்கு முன்மாதிரியை வெகுதூரம் சென்று தேட வேண்டியதில்லை. ஆரணிச் சேலையை வாங்குபவர் நூலைப் பிரித்துச் சோதிப்பதில்லை. மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் அறிமுகப்படுத்திய 'சில்க் மார்க்' முத்திரையைப் பார்த்தே தூய பட்டு என நம்புகிறார். சேலைக்குக் கிடைத்த அந்த உறுதி, உயிரைச் சுமக்கும் வாகனத்தின் பாகத்துக்கும் கிடைக்க வேண்டாமா? சாலையில் அபராதம் விதிப்பதற்கு முன்பே, கடையில் கண்காணிப்பு தொடங்க வேண்டும்.