தமிழ்ப்பள்ளிக்கு ஒரு தொலைநோக்கி: எதை வாங்குவது?



"தோட்டப் பள்ளிக்குத் தொலைநோக்கி எதற்கு, டீச்சர்? அந்தப் பணத்துக்கு நாலு பயிற்சிப் புத்தகம் வாங்கலாமே!" பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தந்தை இப்படிக் கேட்டார். அவர் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. சங்கத்துக்கு அவர் கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளியும் வியர்வை சிந்தி வந்தது. ஆகவே அக்கேள்விக்கு முறையான பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு. மேலும், இதே பணியில் ஒருமுறை சங்கத்துப் பணத்தை நான் வீணாக்கியவள். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

முதலில் 'எதற்கு' என்பதைப் பார்ப்போம். கோலசிலாங்கூர், ஜெரம், தஞ்சோங் காராங் எனச் சேற்றுக் கடலோரமாக நீளும் நம் வட்டாரத்துக்கு ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை விருந்தாளிகள் வருகிறார்கள். சைபீரியாவிலும் வடசீனத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு அஞ்சித் தெற்கே பறந்து வரும் கரையோரப் பறவைகள் அவை. மலாய்க்காரர்கள் கெடிடி என்கிறார்கள். தமிழில் உள்ளான் என்பது நல்ல பழைய பெயர். இந்தப் பறவைகளின் பயணத்தடம் அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை விரிந்தது. அத்தடத்தில் பட்டைவால் மூக்கன் என்னும் பறவையின் இளங்குஞ்சு ஒன்று, 2022ஆம் ஆண்டில் அலாஸ்காவில் கிளம்பி எங்கும் இறங்காமல் 11 நாள் பறந்து, ஏறத்தாழ 13,560 கிலோமீட்டர் கடந்து தாஸ்மேனியாவில் இறங்கியது. நம் பிள்ளைகளோ கடற்கரையிலிருந்து அரைமணி நேரத் தொலைவில் வாழ்ந்தும் இவற்றில் ஒன்றையும் பார்த்ததில்லை. 1987இல் மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியால் உருவான இயற்கைப் பூங்கா நம் ஊரிலேயே இருக்கிறது. நாம் மலாவத்தி குன்றில் குரங்குகளுக்குக் கச்சான் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்!

அறிவியலில் உற்றறிதல்தான் முதல் செயற்பாங்குத்திறன். ஒன்றாம் ஆண்டிலேயே கற்பிக்கிறோம். ஆனால் எதை உற்றறியச் சொல்கிறோம்? பெரும்பாலும் புத்தகத்தில் அச்சிட்ட படத்தைத்தான். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்ட பிறகும் நம் மனம் பயிற்சிப் புத்தகத்தை விட்டு நகரவில்லை.

இனி என் தவற்றுக்கு வருகிறேன். முதன்முறை வாங்கப் புறப்பட்டபோது எனக்கு ஒன்றும் தெரியாது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நுண்ணோக்கியைக் கையாண்டிருக்கிறேன், தொலைநோக்கியைத் தொட்டதில்லை. இணையத்தில் ஒரு விற்பனையாளர், கைக்கடக்கமான கருவி ஒன்றை '300 மடங்கு உருப்பெருக்கம்' என்று விளம்பரம் செய்திருந்தார். விலையும் மலிவு, முக்காலியும் இலவசம். வாங்கிவிட்டேன்.

ஜெரம் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். சேற்றில் தெரிந்த பறவைக் கூட்டத்தை நோக்கிக் கருவியை நிறுத்தி, "வரிசையாக வந்து பாருங்கள்" என்றேன். ஒவ்வொரு பிள்ளையும் குனிந்து பார்த்தது. "தெரிகிறதா?" "தெரிகிறது டீச்சர்!" இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள்; எல்லாரும் அதே பதில். கடைசியில் நான் குனிந்து பார்த்தேன். இலவச முக்காலியின் தலை தளர்ந்து, கருவி எப்போதோ கீழே சாய்ந்திருந்தது. உள்ளே கலங்கலான சாம்பல் நிறத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பணம் போனதைவிட, பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல என் பிள்ளைகளுக்கு நானே பயிற்சி கொடுத்துவிட்டேன் என்பதே உறுத்தியது. ஆசிரியர் எதிர்பார்க்கும் விடையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்பதை வகுப்பில் அவர்கள் எப்போதோ கற்றிருந்தார்கள்.

ஆகவே, நண்பர்களே, குறைந்த பணத்தில் வாங்குவோர் கவனிக்க வேண்டியவற்றை நான் பட்டறிந்த வகையில் சொல்கிறேன்.

உருப்பெருக்க எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். ஆறாம் ஆண்டு மாணவனே செய்யக்கூடிய வகுத்தல் கணக்கு ஒன்று போதும். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 60 மில்லிமீட்டர் வில்லையில் 20 மடங்கு என்றால் 3 மில்லிமீட்டர். பகல் வெளிச்சத்தில் நம் கண்மணியின் திறப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். படம் தெளிவாக இருக்கும். அதே வில்லையில் 60 மடங்கு வைத்தால் 1 மில்லிமீட்டர், படம் மங்கும். நான் வாங்கிய கருவியின் வில்லை 40 மில்லிமீட்டர். அதில் 300 மடங்கு உண்மையாகவே இருந்திருந்தால்கூட, வரும் ஒளிக்கற்றை ஊசிமுனை அளவு! இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன் போடாமல் வாங்கிய பின் போட்டேன்.

20 மடங்கு போதுமா என்று கேட்பீர்கள். 200 மீட்டர் தொலைவில் நிற்கும் பறவை 10 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். அது போதும். காலை பத்து மணிக்குமேல் நம் கடலோரச் சேற்றில் கானல் எழும். அப்போது 40 மடங்குக்குமேல் போனால், விலையுயர்ந்த கருவியிலும் பறவை நீருக்கடியில் நிற்பதுபோல் நெளியும். ஏற்ற நேரம் ஓதம் ஏறும் வேளை. தண்ணீர் ஏற ஏறப் பறவைகள் தாமாகவே கரைப்பக்கம் நெருங்கி வரும். அட்டவணையில் ஓத நேரம் பார்த்துப் பேருந்தை ஏற்பாடு செய்வதற்குச் செலவே இல்லை.

இரண்டாவது, முக்காலி. கையிலிருக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். கடற்காற்றில் ஆடாமல் நிற்க வேண்டும். பிள்ளை கைபட்டால் சாயக்கூடாது. நல்ல முக்காலியில் நிற்கும் நடுத்தரக் கருவி, ஆடும் முக்காலியில் நிற்கும் உயர்தரக் கருவியை வென்றுவிடும்.

ஸ்பாட்டிங் ஸ்கோப் எனப்படும் இவ்வகைக் கருவிகள் இரு வடிவில் வருகின்றன: கண்வில்லை நேராக இருப்பது ஒன்று, 45 பாகை சாய்ந்திருப்பது மற்றொன்று. மேல்நாட்டு வேட்டைக்காரர்களில் பலர் நேரானதை விரும்புவர். மான் நிற்கும் திசையிலேயே குறிவைக்க எளிது. பெட்டியின்மேல் மான் படம் போட்டிருப்பதும் அவர்களுக்காகத்தான். நமக்குச் சாய்ந்ததே ஏற்றது. முக்காலியைக் குள்ளப் பிள்ளையின் உயரத்துக்கு இறக்கி வைத்தால், உயரமானவரும் சற்றுக் குனிந்து பார்த்துக்கொள்ளலாம். நேரானது என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் முக்காலியை ஏற்றி இறக்க வேண்டும். அதற்குள் பறவை பறந்துவிடும்.

நாங்கள் பிறகு வாங்கியது 65 மில்லிமீட்டர் வில்லையும் 18 முதல் 55 மடங்கும் கொண்ட, சாய்ந்த வடிவக் கருவி. செலஸ்ட்ரான் நிறுவனத்தின் அல்டிமா வரிசையில் இந்த அளவு உண்டு. கோவா நிறுவனத்தின் 501 என்னும் சிறிய கருவி 50 மில்லிமீட்டரும் 20 முதல் 40 மடங்கும் கொண்டது. தூக்கிச் செல்ல எளிது. எந்நிறுவனத்துக்கும் நான் முகவர் அல்லள்! பழைய கருவி கிடைத்தாலும் வாங்கலாம். ஆனால் கைவிளக்கை ஒரு முனையில் பிடித்து மறுமுனை வழியாக உட்புறத்தைப் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் அது பூஞ்சணம், விட்டுவிடுங்கள். நம் நாட்டு ஈரப்பதத்தில் புதுக் கருவிக்கும் அந்நோய் வரும். மூடியிட்ட நெகிழிப் பெட்டியில் சிலிக்கா மணிகளுடன் வைத்துக் காக்க வேண்டும்.

சக ஆசிரியர் ஒருவர், "ஒரு ஸ்கோப்புக்குப் பதில் பத்து பைனாகுலர் வாங்கலாமே" என்கிறார். பள்ளி தோட்டத்துக்குள் மட்டுமே சுற்றுமானால் அவர் சொல்வது சரி. செம்பனை வரிசைக்கு நடுவே ஐம்பது மீட்டர் தெரிவதே அரிது. அங்கே 8 மடங்கு பைனாகுலரே சிறந்தது. ஆனால் சேற்றுக் கடலில், "அதோ, இடப்பக்கம் மூன்றாவது பறவை" என்று பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். பத்துப் பேரும் பத்துப் பறவையைப் பார்ப்பார்கள். ஸ்கோப்பை ஆசிரியர் நிறுத்தி வைத்தால், எல்லாரும் பார்ப்பது அதே பறவை. அதைப் பற்றிப் பேசலாம், வாதிடலாம். ஒரு கண்டிப்பு மட்டும்: கதிரவன் பக்கம் எக்காரணத்துக்கும் திருப்பக்கூடாது, கண் பார்வையே போய்விடும்.

தோட்டத்திலும் இதற்கு ஒரு பயன் உண்டு. எலிகளை ஒழிக்கச் செம்பனைத் தோட்டங்களில் கூகைக்குக் கூண்டுப்பெட்டி வைப்பதை அறிவீர்கள். கூகை அலறினால் சாவு வரும் என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், அந்திநேரத்தில் தொலைவிலிருந்து அதன் வெண்முகத்தைப் பார்க்கட்டும். கூட்டருகே போய்த் தொல்லை கொடுக்கத் தேவையில்லை.

புதுக் கருவியோடு மீண்டும் ஜெரம் சென்றோம். இம்முறை "தெரிகிறதா?" என்று நான் கேட்கவில்லை, "என்ன தெரிகிறது?" என்று கேட்டேன். கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தத் தந்தையும் விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் வந்திருந்தார். அவர் மகன் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "டீச்சர், அதுக்கு ஒரு கால்தான் இருக்கு" என்றான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் விடவில்லை. "உண்மையாத்தான்! ஒரு கால், சிவப்புக் கால்." தந்தை குனிந்து பார்த்தார். "ஆமாம் டீச்சர், நொண்டிப் பறவைதான்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆறேழு நிமிடம் கழித்து, இறகுக்குள் மடக்கி வைத்திருந்த மற்றக் காலை அந்தச் செங்கால் உள்ளான் மெல்ல இறக்கி ஊன்றியது. அப்போது கண்வில்லையில் இருந்தவர் தந்தைதான்.